பௌர்ணமிக்கு வர்றீங்க, அமாவாசைக்கும் வாங்க



பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரங்க, கிரிவலம் வர்ற வழியில நம்ம கொல்லைக்கு வந்து ஒரு சொம்பு மோர் குடிச்சிட்டுப் போறவங்க, இப்போ ரெண்டு மூணு வருஷமா ஒரே கேள்வியைக் கேட்கிறாங்க. "அண்ணே, டெலஸ்கோப் ஒண்ணு வாங்கி மொட்டை மாடியில வைக்கலாம்னு இருக்கோம். எது வாங்கலாம்? அதுலயே போட்டோவும் எடுக்கணும்."

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். மல்லாட்டையும் நெல்லும் போடுறவன். ஆனா ராத்திரியில தண்ணி கட்டுறவனுக்கு வானம் பழக்கமாயிடும். மும்முனை கரண்டு நடுராத்திரிதான்னு இருந்த காலத்துல, மடை மாத்திட்டு அடுத்த பாத்தி நிறையுற வரைக்கும் வரப்புல உட்கார்ந்து மேலே பார்க்கிறதைத் தவிர வேற வேலை என்ன இருக்கு? அப்புறம் ஒரு பைனாகுலர், அப்புறம் மல்லாட்டைக் காசுல ஒரு 6 இஞ்ச் டெலஸ்கோப்னு சேர்ந்துச்சு. பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்க சனிக்கிழமை ராத்திரி வந்து பார்ப்பாங்க. அந்தத் தகுதியில சொல்றேன்: டெலஸ்கோப்புக்கு முன்னாடி நீங்க தேட வேண்டியது இருட்டு. கண்ணாடி கடையில கிடைக்கும், கேமரா கிடைக்கும், ஸ்டாண்டு கிடைக்கும். இருட்டை மட்டும் எவ்வளவு காசு கொடுத்தாலும் உங்க மாடிக்குக் கொண்டு வர முடியாது. அது இன்னும் கொஞ்சம் எங்ககிட்ட மிச்சம் இருக்கு. அதுவும் கரைஞ்சிக்கிட்டு வருது. இந்தக் கட்டுரை டெலஸ்கோப்பைப் பத்தியும், அந்த இருட்டைப் பத்தியும்.

முதல்ல நாள் பார்க்கிற விஷயம். திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்குல ஜனம் வர்றது பௌர்ணமிக்கு. 14 கிலோமீட்டர் நடக்க நிலா வெளிச்சம் தோது. ஆனா வானம் பார்க்க அதுதான் ஆகாத நாள். நிலா வெளிச்சத்துல சின்ன நட்சத்திரம் எல்லாம் முழுகிப் போயிடும். நிலாவையே பார்க்கணும்னாலும் பௌர்ணமி வேண்டாம். அன்னிக்கு வெயில் அதுமேல நேரா விழுது, நிழலே இருக்காது, தட்டு மாதிரி தட்டையாத் தெரியும். சப்தமி, அஷ்டமியில பாருங்க. வெளிச்சமும் இருட்டும் சேர்ற அந்த ஓரத்துல பள்ளம், மேடு, மலைத்தொடர் எல்லாம் நிழல் விழுந்து எழும்பி நிக்கும். பாதி நிலாவோட வெளிச்சம் முழு நிலாவுல பாதி இருக்கும்னு நினைப்போம். உண்மையில பத்துல ஒரு பங்குதான். அதனால கண்ணும் கூசாது.

மத்த எல்லாத்துக்கும் அமாவாசைக்கு முன்னே பின்னே நாலு நாள்.

நம்ம ஊரு ஒரு விஷயத்துல கொடுத்து வெச்ச ஊரு. தீபத் திருவிழாவே ஒரு நட்சத்திரக் கூட்டத்தை வெச்சுத்தான் நடக்குது. தமிழ் மாசங்களோட பேரு, அந்த மாசத்துப் பௌர்ணமியில நிலா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல நிக்குதோ அதை ஒட்டி வந்தது. சித்திரை, விசாகம், கார்த்திகை எல்லாம் அப்படித்தான். கார்த்திகைப் பௌர்ணமியில நிலா போய் நிக்கிறது கார்த்திகைக் கூட்டத்துக்கிட்ட. சங்க இலக்கியத்துல அதுக்கு அறுமீன்னு பேரு. மலைமேல தீபத்தைப் பார்த்துக் கும்பிடுற லட்சம் பேர்ல, அன்னிக்குக் கிழக்கே நிலாவுக்குப் பக்கத்துல அந்தக் கூட்டம் நிக்குதான்னு தேடிப் பார்க்கிறவங்க எத்தனை பேருன்னு தெரியலை. நிலா வெளிச்சத்துல தெரியவும் தெரியாது. அதே கூட்டத்தை அடுத்த அமாவாசை அன்னிக்குப் பாருங்க. வெறுங்கண்ணுக்கு ஆறு. பைனாகுலர் வெச்சா நாப்பது அம்பதுன்னு வைரம் கொட்டின மாதிரி இருக்கும். அங்கிருந்து இங்கே வெளிச்சம் வந்து சேர ஏறக்குறைய 440 வருஷம் ஆகுது. அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தை நாயக்கர் காலத்துல கட்டி முடிச்சதை ஒட்டிக் கிளம்பின வெளிச்சம் இன்னிக்கு உங்க கண்ணுல விழுதுன்னு வெச்சுக்குங்க.

இந்த வட்டாரத்து இருட்டு சாதாரண இருட்டும் இல்லை. இங்கே வடமேற்கே ஜவ்வாது மலையில, ஆலங்காயத்துக்கும் ஜமுனாமரத்தூருக்கும் நடுவுல காவலூர்னு ஒரு ஊரு. வைணு பாப்பு என்கிற விஞ்ஞானி, கோடைக்கானல் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றிருந்தவர், நாட்டுல நட்சத்திர ஆராய்ச்சிக்குத் தோதான இடம் தேடி அங்கே வந்து நின்னார். சுத்திலும் காடு, பெரிய ஊர் வெளிச்சம் கிடையாது, அதோட தெற்கே இருக்கிறதால வடக்கத்திக்காரங்களுக்கு எட்டாத தென்வானமும் தெரியும். 1968-ல 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் ஒண்ணோட வேலை ஆரம்பிச்சாங்க. 1972-ல ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி ஜெர்மனியில இருந்து வந்துச்சு. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைச்சிக்கிட்டுப் போச்சு. மறைக்கிறதுக்கு முன்னாடியே அந்த நட்சத்திரம் விட்டு விட்டு மங்கிச்சு. அதை வெச்சுத்தான் யுரேனசுக்கும் வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது. அந்த மங்கலைப் பதிவு பண்ணின இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. 1988-ல அங்கேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சு கணித மேதை ராமானுஜன் பேரை வெச்சாங்க. நம்ம நாட்டுலயே செஞ்ச 2.34 மீட்டர் பெரிய டெலஸ்கோப்பை 1986-ல திறந்தப்போ, அதைக் கனவு கண்ட பாப்பு உயிரோட இல்லை. 1982-லயே போயிட்டார். அவர் பேரைத்தான் அதுக்கு வெச்சிருக்காங்க.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, கோடிக்கணக்குல செலவு பண்றவங்களே இருட்டைத் தேடி மலை ஏறி வந்திருக்காங்க. நாம மட்டும் வேளச்சேரி மாடியில தெருவிளக்குக்கு நடுவுல டெலஸ்கோப்பை வெச்சிட்டு ஒண்ணும் தெரியலைன்னு சொன்னா, அது கண்ணாடி மேல குத்தம் இல்லை.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? என் கணக்குல மூணு படி.

முதல் படி கண்ணு. செலவு ஒண்ணுமில்லை. இருட்டுல போய் உட்கார்ந்தா கண்ணு முழுசாப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவுல ஒரு தடவை செல்போனைத் திறந்தீங்கன்னா திரும்ப முதல்ல இருந்து. டார்ச்சு வேணும்னா அது முகத்துல சிவப்பு கண்ணாடிப் பேப்பரை ரெண்டு மடிப்பாச் சுத்தி ரப்பர் போட்டுக்குங்க. சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாக் கெடுக்காது. கொல்லையில நடக்கும்போது டார்ச்சு கட்டாயம். கட்டுவிரியன் நடமாடுற நேரமும் அதுதான்.

எப்போ எதைப் பார்க்கிறதுன்னா, தை மாசி மாசம் ராத்திரி எட்டு மணிக்குத் தெற்கே பளிச்சுன்னு ஒத்தையா நிக்கிறது அகத்தியர் நட்சத்திரம். லண்டன்ல இருக்கிறவங்களுக்கு அது எந்த நாளும் அடிவானத்துக்கு மேல வராது, நமக்குக் கை எட்டுற உயரத்துல வரும். சித்திரை வைகாசியில வடக்கே சப்தரிஷி, அதுல அருந்ததி. கல்யாணத்துல ஐயர் பகல்ல காட்டுவார், மாப்பிள்ளையும் பொண்ணும் தெரியுதுன்னு தலையாட்டுவாங்க. நிசமாவே பார்க்கணும்னா இந்த மாசங்கள்ல ராத்திரி பாருங்க. அதே நேரம் தெற்கே திரும்பினா தென்சிலுவை. ஆகாய கங்கையோட நடுப்பகுதி முழுசாத் தெரியணும்னா பங்குனி, சித்திரையில விடியக்காலை மூணு மணிக்கு எழுந்திருக்கணும். ஆடி ஆவணியில சாயங்காலமே தெரியும், ஆனா மேகம் விடாது. எங்க பக்கம் தைப் பொங்கல்ல இருந்து சித்திரை வரைக்கும்தான் வானம் நம்பிக்கையாத் திறந்திருக்கும். வழி காட்ட ஸ்டெல்லேரியம்னு ஒரு ஆப் இருக்கு. ஃபோன் திரையைச் சிவப்பா மாத்திக்கிற வசதியும் அதுல உண்டு.

ரெண்டாவது படி பைனாகுலர். டெலஸ்கோப் வாங்க வர்ற எல்லாரையும் நான் இங்கேதான் நிறுத்துவேன். மேல 10x50-ன்னு போட்டிருக்கும். பத்து மடங்கு பெரிசாக் காட்டும், முன்கண்ணாடி அகலம் 50 மில்லிமீட்டர்னு அர்த்தம். இருட்டுல நம்ம கண்மணி விரியறது அதிகமாப் போனா 7 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா வெறுங்கண்ணைப் போல அம்பது மடங்கு வெளிச்சத்தை இது வாரிக் கொடுக்கும். எங்க வயசுக்காரங்களுக்குக் கண்மணி அவ்வளவு விரியாது, அதனால லாபம் இன்னும் கூடவே. கை நடுங்கும், அதுக்கு மோட்டார் கொட்டகை சுவத்துல முழங்கையை ஊனிக்கிட்டுப் பார்க்கணும், இல்லைன்னா கயித்துக்கட்டில்ல மல்லாந்து படுத்துக்கணும். வியாழனுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி புள்ளியா நாலு நிலா தெரியும். 1610-ல கலிலியோ பார்த்தது அதைத்தான். மறுநாள் பார்த்தா இடம் மாறியிருக்கும். மார்கழியில ஆண்ட்ரோமீடா மங்கலா ஒரு திட்டு மாதிரித் தெரியும். அங்கிருந்து வெளிச்சம் வர 25 லட்சம் வருஷம். ஒரு வருஷம் பைனாகுலரை வெச்சு வானத்துல வழி பழகினவங்க டெலஸ்கோப் வாங்கினா அது மூலையில கிடக்காது.

மூணாவது படிதான் டெலஸ்கோப். பொம்மைக் கடையிலயும் ஆன்லைன்லயும் ஒல்லியா ஒரு குழாய், குச்சிக் காலு, டப்பா மேல "500 மடங்கு"ன்னு பெரிய எழுத்து, பக்கத்துல விண்வெளி டெலஸ்கோப் எடுத்த கலர் படம். அதை வாங்காதீங்க. பெரிசாக் காட்டுறது முக்கியம் இல்லை. வெளிச்சம் எவ்வளவு வாருதுங்கிறதுதான் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ரெண்டு மடங்கு, அதுக்கு மேல போனா கலங்கல்தான். 60 மில்லிமீட்டர் குழாய்க்கு 120 மடங்கு எல்லை. அதுவும் காத்து அசையாத ராத்திரியில. பெருக்கம் எத்தனைன்னு நீங்களே போடலாம். குழாயோட குவியத்தூரத்தைக் கண்ணுவில்லையோட எண்ணால வகுக்கணும். 1200-ஐ 25-ஆல வகுத்தா 48 மடங்கு. சனியோட வளையம் தெரிய முப்பது நாப்பது மடங்கே போதும். வானம் பார்க்கிற நேரத்துல முக்கால்வாசி அந்தச் சின்ன பெருக்கத்துலதான் ஓடும்.

வாங்கறதுன்னா 6 இஞ்ச் இல்லைன்னா 8 இஞ்ச் டாப்சோனியன். உள்ளே வளைஞ்ச கண்ணாடி, தடிச்ச குழாய், கீழே பலகைப் பெட்டி. மேலே கீழே ஒரு அசைவு, பக்கவாட்டுல ஒரு அசைவு, அவ்வளவுதான். மோட்டார் இல்லை, ரிப்பேர் இல்லை. 6 இஞ்ச் கண்ணாடி வெறுங்கண்ணைப் போல நானூறு மடங்குக்கு மேல வெளிச்சம் வாரும். விலை பல ஆயிரம் ஆகும், மறுக்கலை. ஆனா நல்லா வெச்சுக்கிட்டா பேரப் பிள்ளை வரைக்கும் வரும். மழைக் காலத்துல கண்ணாடியில பூஞ்சை பிடிக்காம இருக்க, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைக்கணும்.

இந்த மாதிரியைக் கண்டுபிடிச்சவர் கதை திருவண்ணாமலைக்குப் பொருத்தமானது. ஜான் டாப்சன்னு பேரு. அமெரிக்காவுல ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த மடங்கள்ல 20 வருஷத்துக்கு மேல சந்நியாசியா இருந்தவர். கையில காசு கிடையாது. பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்ச்சு, அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை வெச்சு டெலஸ்கோப் செஞ்சு, தெரு முனையில நின்னு போறவங்க வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டுவார். மடத்து வேலையை விட்டுட்டு இதே வேலையா இருக்காருன்னு 1967-ல வெளியே அனுப்பிட்டாங்க. மறு வருஷமே நடைபாதை வானியலாளர்கள்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சிட்டார். 2014-ல இறக்கிற வரைக்கும் ஊர் ஊராப் போய்க் காட்டினார். தன் டிசைனுக்குக் காப்புரிமை வாங்கலை. அதனாலதான் இன்னிக்கு எல்லாக் கம்பெனியும் அதைச் செய்யுது, நமக்கும் கைக்கெட்டுது.

ஒரு எச்சரிக்கை. பைனாகுலர், டெலஸ்கோப் எதையும் சூரியன் பக்கம் திருப்பாதீங்க. ஒரு நொடியில பார்வை போயிடும். சூரியனைப் பார்க்கிறதுக்குன்னே செஞ்ச வடிகட்டியை முன்கண்ணாடிக்கு முன்னாடி மாட்டினா மட்டும்தான் பார்க்கலாம். கண்ணு வைக்கிற பக்கம் திருகுற சின்ன கறுப்புக் கண்ணாடி கூட வந்திருந்தா அதைத் தூக்கி எறிஞ்சிடுங்க, சூட்டுல வெடிக்கும். பிள்ளைங்க இருக்கிற வீட்டுல பகல்ல மூடி போட்டு உள்ளே வைங்க.

இப்போ போட்டோ. ஆரம்பத்துக்கு உங்க ஃபோனும் ஒரு மூணுகால் ஸ்டாண்டும் போதும். நிலாவுக்கு, ஃபோனை டெலஸ்கோப் கண்ணுவில்லையில வெச்சு அமுக்கினாலே நல்லா வரும். அதைப் பிடிச்சிக்க ஒரு கிளிப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. கிரகத்துக்கு வீடியோ எடுக்கணும். காத்து அலைபாயறதுல சில பிரேம்தான் தெளிவா இருக்கும். அதுகளைப் பொறுக்கி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற இலவச மென்பொருள் இருக்கு.

நட்சத்திரத்துக்கு கேமரா நேரம் திறந்திருக்கணும். ஆனா பூமி சுத்துது, மணிக்கு 15 பாகை. ரொம்ப நேரம் திறந்தா புள்ளி கோடாயிடும். பழைய ஆளுங்க வெச்சிருக்கிற கணக்கு: 500-ஐ லென்சோட மில்லிமீட்டரால வகுக்கணும். 25 மில்லிமீட்டர் லென்சுக்கு 20 நொடி, 50-க்கு 10 நொடி. இப்போ வர்ற கேமராவுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைச்சே வைங்க. பத்து நொடிப் படம் ஒண்ணுல ஒண்ணும் இருக்காது. அதே மாதிரி நூறு எடுத்து டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் மாதிரி இலவச மென்பொருள்ல அடுக்கினா ஆகாய கங்கை எழும்பி வரும். தூத்தித் தூத்தி நெல்லைப் பிரிக்கிற வேலைதான் அதுவும். பொட்டு மேல போகும், மணி தங்கும்.

இதுக்கு மேல போனா, பூமி சுத்துறதுக்கு ஈடா கேமராவைத் திருப்புற மோட்டார் ஸ்டாண்டு வேணும். அதோட அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரா வைக்கணும். நம்ம ஊரு அட்சரேகை 12 பாகைங்கிறதால துருவம் அடிவானத்துல இருந்து 12 பாகைதான் மேலே. கையை நீட்டி முஷ்டி மடக்கினா ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கூட. வடக்கே ஒரு தென்னந்தோப்பு, ஒரு மாடி வீடு இருந்தாப் போச்சு. ஒரு வேடிக்கை சொல்றேன். மலை உச்சிக்கு நேர் தெற்கே ஏறக்குறைய மூணு கிலோமீட்டர்ல நின்னா, கணக்குப்படி துருவ நட்சத்திரம் அண்ணாமலை உச்சிக்கு மேலேயே உட்காரும். சுத்தி இருக்கிற நட்சத்திரம் எல்லாம் மலை முடியை வலம் வரும். அதை ஒரு மணி நேரம் திறந்து வெச்சுப் படம் எடுத்தா வளைவு வளைவா வரும். வானமே கிரிவலம் போற மாதிரி இருக்கும். ஆனா அந்தப் படத்தை இன்னிக்கு எடுக்கிறது கஷ்டம். ஏன்னா ஊர் வெளிச்சம் வானத்தை முழுங்கிடுச்சு.

என் கொல்லையில இருந்து வடக்கே பார்த்தா இப்போ வானம் சாம்பல் நிறம். நான் சின்னப் பையனா இருந்தப்போ அங்கேயும் நட்சத்திரம் அடிவானம் வரைக்கும் இறங்கும். ஊரு வளர்ந்துச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் குறை வேற. சுத்துப்பட்டு கிராமத்துல எல்லாம் கழனி மனையாச்சு. வார விடுமுறைக்கு வந்து தங்க பட்டணத்துக்காரங்க பண்ணை வீடு கட்டியிருக்காங்க. மாசத்துல ரெண்டு நாள் வருவாங்க. மத்த 28 நாளும் ஆளில்லாத வீட்டுக்கு நாலு மூலையிலயும் வெள்ளை எல்இடி ஃப்ளட் லைட்டு விடிய விடிய எரியுது. பாதி வெளிச்சம் பக்கத்து கொல்லைக்கு, மீதி வானத்துக்கு. அந்த வீட்டுக்காரரே என்கிட்ட வந்து, "உங்க ஊர்ல நட்சத்திரம் நிறையத் தெரியும்னாங்களே, காணோமே" அப்படிங்கிறார். என்ன பதில் சொல்றது?

இது நட்சத்திரத்தோட நிக்கிற நஷ்டமும் இல்லை. சிவப்புக் கம்பளிப்புழு மல்லாட்டைக்கு எமன். முதல் மழைக்கு அதோட அந்துப்பூச்சி மண்ணுல இருந்து கிளம்பும். நாங்க விளக்குப் பொறி வெச்சு, கீழே தண்ணியில மண்ணெண்ணெய் ஊத்திப் பிடிக்கிறோம். பொறி வைக்கிற விளக்கு பூச்சியைக் கொல்லுது. பொறி இல்லாம எரியுற விளக்கு பூச்சியை ஊருக்கெல்லாம் விருந்துக்குக் கூப்பிடுது. ராத்திரி நீளுறதை வெச்சுக் கதிர் விடுற பழைய சம்பா ரகங்களுக்குத் தெருவிளக்குப் பக்கத்துல கதிர் தள்ளிப் போகும். விளக்குக்கம்பத்தை ஒட்டி ஒரு திட்டு மட்டும் பச்சையா நிக்கிறதை எந்த விவசாயியும் பார்த்திருப்பான்.

"அப்போ கிராமத்துக்கு வெளிச்சமே வேண்டாமா, நீங்க இருட்டுல இருந்தா நாங்க வந்து வேடிக்கை பார்க்கணுமா?"ன்னு எங்க ஊர் இளவட்டம் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. கரண்டு இல்லாத காலத்தைப் பார்த்தவன் நான். அரிக்கேன் விளக்குல பாம்பு கடிச்சவங்களைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கோம். வேலைக்குப் போய்ட்டு ராத்திரி பஸ் இறங்கி வர்ற பொண்ணுங்களுக்குத் தெருவுல வெளிச்சம் வேணும். அதுல ஒரு பல்பு கூடக் குறையக் கூடாது. நான் கேட்கிறது வெளிச்சம் தரையில விழட்டும்னு மட்டும்தான். மேலே ஒரு தொப்பி, முகம் கீழ்நோக்கி, வெள்ளைக்குப் பதிலா மஞ்சள், ஆள் வந்தா எரியுற சென்சார். திருடனுக்குப் பயந்து போடுறோம்ங்கிறாங்க. கண்ணைக் கூசுற ஃப்ளட் லைட்டுக்குப் பின்னாடி நிக்கிறவன் யாருக்கும் தெரிய மாட்டான். ஆள் வந்ததும் பளிச்சுன்னு எரியுற விளக்கைத்தான் அவன் பயப்படுவான். கரண்டு பில்லும் குறையும்.

இருட்டைக் காப்பாத்தி அதுலயே ஊர் பிழைக்கவும் முடியும். லடாக்குல ஹான்லேன்னு ஒரு இடம். காவலூரை நடத்துற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் அங்கேயும் டெலஸ்கோப் வெச்சிருக்கு, நம்ம சந்திரசேகர் பேருல. 2022-ல அந்த வட்டாரத்தையே இருண்ட வானக் காப்பகம்னு அறிவிச்சாங்க. வீட்டு விளக்குக்கு மறைப்பு, ஜன்னலுக்குத் திரை, வண்டி விளக்குக்குக் கட்டுப்பாடு. அதோட நிக்கலை. உள்ளூர் கிராமத்து ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையில டெலஸ்கோப்பும் கொடுத்தாங்க. வெளியூர்க்காரங்க வந்து அவங்க வீட்டுலயே தங்கறாங்க, அவங்களே வானத்தைக் காட்டறாங்க. வருமானம் அந்த வீட்டுக்கே போகுது. ராத்திரி விளக்கை மறைச்சு வைக்கச் சொல்லி அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜவ்வாது மலைக்கு இது ஏன் வரக்கூடாது? சாமையும் தேனும் பலாவும் விக்கிற மலைவாசி மக்களுக்கு இருட்டும் ஒரு விளைச்சல்தானே. ஹான்லே போக உயரத்துல மூச்சு வாங்கும், விமானச் செலவு வேற. ஜமுனாமரத்தூருக்கு நம்ம ஊர்ல இருந்தே பஸ் இருக்கு. ஹான்லேயில தெரியாத தென்வானத்துல பெரும்பகுதி இங்கே தெரியும். ரிசார்ட்டுக்காரங்க முழுசா உள்ளே வர்றதுக்கு முன்னாடி, அந்த மலை ஊராட்சிகளும் வனத்துறையும் ஆய்வகமும் உட்கார்ந்து பேசி விளக்குக்கு ஒரு ஒழுங்கு கொண்டு வரணும். மலை மேல இருட்டு இருந்தா போதாது, அடிவாரத்து ஊருங்களோட வெளிச்சமும் மேலே ஏறும். அதனால செங்கம், போளூர், ஆலங்காயம், திருவண்ணாமலைன்னு நம்ம எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

அதனால பட்டணத்து நண்பர்களே, உங்ககிட்ட நான் கேட்கிறது இதுதான். இந்தப் பக்கம் மனையோ பண்ணை வீடோ இருந்தா, அடுத்த தடவை வரும்போது ஃப்ளட் லைட்டைக் கழட்டிட்டு தொப்பி போட்ட மஞ்சள் விளக்கும் ஒரு சென்சாரும் மாட்டுங்க. செலவு ஒரு நல்ல கண்ணுவில்லை விலைக்குள்ளதான் வரும். உங்க டெலஸ்கோப்புக்கு நீங்க வாங்கித் தரக்கூடிய பெரிய உதிரிப் பாகம் அதுதான். மனை இல்லாதவங்க ஒரு பைனாகுலரோட, ஒரு போர்வையோட, மாசி அமாவாசைக்கு வாங்க.  ஊருக்கு வெளியே தெற்கே பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி, தெரிஞ்சவங்க களத்துமேடு ஒண்ணு இருந்தாப் போதும். கேட்டுட்டு உட்காருங்க, யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. வரப்புல ஏறும்போது மட்டும் பார்த்து ஏறுங்க, பயிரு இருக்கும்.